நினைவின் ஊன்றுகோல்

மக்களுக்கு வாய்த்த ஆற்றல்களுள் நினைவாற்றல் தலைசிறந்தது. கற்ற கல்வியும், கண்ட காட்சியும், பட்டறிவால் பெற்ற தெளிவும் நெஞ்சில் நிலைத்து நிற்பது அதனாலேயாம். தமிழ் மக்கள் அவ்வாற்றலைப் பெரிதும் போற்றி வந்துள்ளனர். 1907ஆம் ஆண்டில் செய்குத்தம்பிப் பாவலர் சென்னை விக்டோரியா அரங்கத்தில் அறிஞர் பலர் முன்னிலையில் நூறு செயல்களை நினைவிற்கொண்டு செய்துகாட்டி, 'சதாவதானி' என்று பாராட்டப்பெற்றார்.

ஆயினும், பாவலரைப் போன்ற நினைவு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆதலின், மக்கள் நெடுங்காலமாகவே நினைவுக்குத் துணையாகச் சில அடையாளங்களை அமைத்துக்கொண்டனர். சந்தைக்குப் புறப்பட்ட மூதாட்டி முந்தானையில் ஒரு முடிச்சிட்டாள். பால் வாங்கிய வீட்டார் சுவரிலே கரிக்கோடு இழுத்துக் கணக்கு வைத்தனர். வெளியூர் செல்லும் மகன் மறந்துவிடலாகாது என்று, தாய் அவன் எடுத்துச் செல்ல வேண்டிய பொருளை வாயிற்படியின் அருகே வைத்தாள். இவையெல்லாம் நினைவின் ஊன்றுகோல்கள். அவற்றுள் மிகப் புதியது, இன்று பெரும்பாலோர் கையிலும் காணப்படும் கைப்பேசியாகும். முந்தானை முடிச்சு, 'ஏதோ ஒன்று உண்டு' என்று மட்டுமே சொல்லும். அஃது இன்னதென்று சொல்லாது. உரிய வேளையில் கூப்பிட்டும் உணர்த்தாது. கைப்பேசியில் உள்ள செயலிகள் இவ்விரண்டையும் செய்யவல்லன. அவை முதியோர்க்கு எவ்வாறு உதவுகின்றன, எங்கே உதவமாட்டா என்பவற்றை அறிந்துகொள்ளுதல் இளைஞர்க்கு இன்றியமையாதது.

அகவை ஏற ஏற நினைவு முழுவதும் ஒருங்கே தளர்ந்துவிடுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. எழுபது ஆண்டைக் கடந்த பாட்டி ஒருவரை எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். அவர், தம் தாயிடம் கேட்ட தாலாட்டைச் சொல் பிறழாமல் பாடுகின்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணத்தில் யார் யார் பந்தியில் அமர்ந்தனர் என்று கூறுகின்றார். அளவுகோல் இன்றியே ஊறுகாய்க்கு உப்பும் காரமும் இடுகின்றார். ஆனால், அன்று காலை எட்டு மணிக்கு உட்கொள்ள வேண்டிய மாத்திரையை உட்கொண்டாரா, இல்லையா என்று கேட்டால் மட்டும் அவருக்கு விடை தெரிவதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. நினைவு என்பது ஒரே பொருளன்று. அது பல திறப்பட்டது. சொற்களின் பொருளும், நெடுநாள் பழகிய கைத்தொழிலும், இளமையில் ஆழப் பதிந்த நிகழ்ச்சிகளும் முதுமையிலும் பெரும்பாலும் நிலைத்து நிற்கின்றன. புதிய செய்தியை விரைந்து பதித்துக்கொள்ளுதலும், பதித்ததைத் துணையின்றி உரிய நொடியில் வெளிக்கொணர்தலுமே தளர்ச்சி அடைகின்றன. நடந்ததை நினைவுகூர்தல் ஒரு வகை. செய்ய வேண்டியதை அதற்குரிய வேளையில் நினைத்துக்கொள்ளுதல் மற்றொரு வகை. இப்பிற்கூறியதை 'முன்னோக்கு நினைவு' எனலாம். தேர்வு எழுதும் மாணவனுக்கு வினாத்தாள் ஒன்று கையில் இருக்கின்றது. அது அவன் நினைவைத் தூண்டுகின்றது. மாத்திரை உட்கொள்ள வேண்டிய பாட்டிக்கு எந்த வினாத்தாளும் இல்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனம் தானாக விழித்து, 'மணி எட்டு' என்று சொல்லிக்கொள்ளுதல் வேண்டும். முதுமையில் அரிதாகுவது இவ்விழிப்பே.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். திறவுகோலை வைத்த இடம் மறப்பது இயல்பான மறதி. திறவுகோல் எதற்கு என்பதே மறப்பதும், பலகாலம் நடந்த தெருவிலேயே வழி தவறுவதும் நோயின் அறிகுறிகளாக இருத்தல் கூடும். 1906ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோய் இத்தகைய மறதி நோய்களுள் முதன்மையானது. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயுற்றிருந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இந்தியாவில் அறுபது வயதினரிலும் அதற்கு மேற்பட்டவரிலும் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் அந்நோயுடையர் என்று 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆனால், மறதி மிகுந்தார் அனைவரும் அந்நோய்க்கு ஆட்பட்டவர் அல்லர். பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவாலும், தைராய்டுச் சுரப்பின் குறைவாலும், மனச்சோர்வாலும், சில மருந்துகளாலும் மறதி மிகுவதுண்டு. இவற்றுட் பல மருத்துவத்தால் நீங்கும். ஆகவே, மறதி மிகுந்தவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். கைப்பேசி அதற்குப் பின்னரே.

இயல்பான மறதிதானே என்று அதனைப் புறக்கணித்தலும் ஆகாது. நீரிழிவுக்கு மருந்து உண்பவர் ஒரு வேளை மறந்தால் குருதியில் சர்க்கரை ஏறும். உண்டதை மறந்து மீண்டும் உண்டால், மருந்தைப் பொறுத்து, சர்க்கரை அளவுக்குமேல் இறங்கி மயக்கம் உண்டாதலும் கூடும். இவற்றினும் கொடியது ஒன்று உண்டு, அது நாணம். இரண்டு முறை பெயரை மறந்து நகைப்புக்கு இடமான முதியவர் மூன்றாம் முறை விருந்துக்குச் செல்வதில்லை. கடைக்குச் சென்று பாதிப் பொருளுடன் திரும்பியவர் கடைக்குச் செல்வதையே விட்டுவிடுகின்றார். மறதி பறித்துக்கொள்வது சிறிது. மறதிக்கு அஞ்சித் தாமே விட்டுக்கொடுப்பது பெரிது.

இக்குறையைக் கருவியால் நீக்க முயன்றோருள் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரைச் சிறப்பாகக் குறிப்பிடுதல் தகும். தலையில் அடிபட்ட அவர் மகனுக்கு நினைவு பெரிதும் குன்றியது. மகனுடைய துன்பத்தைக் கண்ட தந்தை, நரம்பியல் உளநூலார் ஒருவரோடு சேர்ந்து, 'நியூரோபேஜ்' என்னும் ஏற்பாட்டை உருவாக்கினார். அக்காலத்தில் செய்தி பெறுவதற்கென்று மக்கள் இடுப்பில் செருகியிருந்த 'பேஜர்' என்னும் சிறு கருவியே அதற்கு அடிப்படை. ஒருவர் நாள்தோறும் செய்ய வேண்டியனவும் அவற்றிற்குரிய நேரங்களும் ஒரு கணிப்பொறியில் பதிவு செய்யப்பெறும். நேரம் வந்ததும், 'மருந்து உண்க', 'இன்று திங்கட்கிழமை' என்பன போன்ற செய்திகள் அக்கருவிக்கு வந்து சேரும். கருவி ஒலிக்கும் அல்லது அதிரும்.

இக்கருவியை இங்கிலாந்தில் பார்பரா வில்சன் என்னும் உளநூல் அறிஞரும் அவருடைய குழுவினரும் முறையாக ஆராய்ந்தனர். 1997இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் மூளைக்காயத்தால் நினைவு குன்றிய 15 பேர் பங்கு கொண்டனர். கருவி இல்லாதபோது, செய்ய வேண்டிய செயல்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 37ஐயே அவர்கள் நிறைவேற்றினர். கருவி வந்தபின் அது 85ஐத் தாண்டிற்று. கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பின்னரும் அது பழைய நிலைக்கு வீழ்ந்துவிடவில்லை. 74 அளவில் நின்றது. நாள்தோறும் உரிய வேளையில் செய்த செயல், நாளடைவில் பழக்கமாக வேரூன்றிவிட்டது என்பதே இதன் கருத்தாகும். 2001இல் வெளியான பேராய்வில் 8 வயது முதல் 83 வயது வரையுள்ள 143 பேர் சேர்க்கப்பட்டனர். ஆய்வை நிறைவு செய்தவருள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் அன்றாடச் செயல்களைச் செய்வதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடைந்தனர்.

பேஜரின் காலம் கழிந்தது. அது செய்த பணியைக் கைப்பேசி ஏற்றுக்கொண்டது; மேலும் பல பணிகளையும் சேர்த்துக்கொண்டது. நினைவூட்டும் செயலி குறித்த மணிக்கு ஒலித்து, செய்ய வேண்டியதை எழுத்தாலும் குரலாலும் அறிவிக்கின்றது. நாள்காட்டிச் செயலி மருத்துவரைக் காண வேண்டிய நாளையும் உறவினர் வீட்டு விழாவையும் முன்னதாகவே சொல்லுகின்றது. குரற்பதிவுச் செயலியில், தோன்றியதைத் தோன்றியவுடன் பேசிவைத்துப் பின்னர்க் கேட்கலாம். எழுதத் தளர்ந்த கைக்கு இது பேருதவி. நிழற்படத்தின் கீழ்ப் பெயரும் உறவும் குறித்துவைத்தால், விருந்துக்குப் போகுமுன் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள்களின் துணையால் இருப்பிடத்தை அறியும் கைப்பேசி, மருந்துக்கடையை நெருங்கும்போதே, 'கண் மருந்து வாங்குக' என்று சொல்லவும் வல்லது. இவற்றைத் தமிழிலேயே எழுதவும் கேட்கவும் இயலும் என்பது நம் முதியோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

நினைவு தளரத் தொடங்கிய முதியோர் இத்தகைய கருவியைக் கற்றுக்கொள்வரோ என்று ஐயுறுவார் பலர். அமெரிக்க நாட்டு டெக்சாசு மாநிலத்தில் உள்ள பெய்லர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் இதனை ஆராய்ந்தனர். அவ்வாய்வு 2021இல் வெளிவந்தது. இலேசான நினைவுக் குறைபாடோ மறதி நோயின் தொடக்க நிலையோ உடைய முதியோர் 52 பேர், நான்கு வாரங்கள் திறன்பேசியைப் பயன்படுத்தினர். ஒரு சாரார் நினைவூட்டும் செயலியைக் கையாண்டனர். மற்றொரு சாரார் செய்ய வேண்டியதைக் குரற்பதிவு செய்து கேட்டனர். இரு சாராரும் அன்றாட நினைவில் முன்னேற்றம் கண்டதாகக் கூறினர். கருவியை அடிக்கடி பயன்படுத்தியவர் ஒப்படைத்த பணிகளையும் செவ்வையாக நிறைவேற்றினர். இன்ன செயலிதான் வேண்டும் என்பதன்று. எளிய ஒன்றை இடையறாது கையாளுதலே பயன் தருகின்றது என்பது இதனால் பெறப்படும்.

நினைவு குன்றியவர் புதியதொன்றைக் கற்பது எவ்வாறு இயலும்? இவ்வினாவுக்கு விடை ஒருவர் வாழ்க்கையில் வெளிப்பட்டது. ஹென்றி மொலைசன் என்பவர் அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோயினின்று அவரைக் காத்தற்பொருட்டு, 1953ஆம் ஆண்டில் மருத்துவர் அவர் மூளையின் இருபுறத்தும் 'ஹிப்போகாம்பஸ்' என்னும் பகுதியின் பெரும்பாகத்தை அகற்றினர். அன்று முதல் அவருக்குப் புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் தங்கவில்லை. சற்றுமுன் உரையாடியவரையும் அவர் புதியவராகவே கண்டார். பிரெண்டா மில்னர் என்னும் அறிஞர் அவருக்கு ஒரு பயிற்சி அளித்தார். கையைப் பாராமல், கண்ணாடியில் தெரியும் நிழலைப் பார்த்தே ஒரு விண்மீன் வடிவத்தை வரைய வேண்டும். நாளுக்கு நாள் மொலைசன் அதனைத் திருத்தமாக வரைந்தார். ஆயினும், அதனை முன்பு ஒரு முறையேனும் வரைந்ததாக அவருக்கு நினைவில்லை! 1962இல் வெளியிடப்பெற்ற இம்முடிவு, நிகழ்ச்சிகளின் நினைவும் பழக்கத்தின் நினைவும் மூளையில் வெவ்வேறு வழிப்பட்டவை என்பதைக் காட்டிற்று. 2008இல் மறையும் வரை மொலைசன் பல ஆய்வுகளுக்கு உதவினார்.

கனடா நாட்டு டொராண்டோ நகரில் உள்ள பேக்ரெஸ்ட் நிலையத்தார் இவ்வுண்மையைப் பயன்கொண்டனர். நினைவு மிகக் குன்றியவர்க்கும் திறன்பேசியின் நாள்காட்டியைக் கையாளப் பயிற்றினர். ஒரு செயலைச் சிறுசிறு படிகளாகப் பிரித்தனர். கற்பவர் தட்டுத்தடுமாறிப் பிழை செய்வதற்கு இடங்கொடாமல், முதலில் ஒவ்வொரு படியையும் காட்டிக்கொடுத்தனர். பின்னர்க் குறிப்புகளைச் சிறிது சிறிதாகக் குறைத்தனர். பலமுறை செய்த செயல் கைப்பழக்கம் ஆயிற்று. அதன்பின், கற்றதனை அவரவர் வாழ்க்கைக்கு வேண்டிய செய்திகளோடு இணைத்துப் பழகச் செய்தனர். எந்தப் பாடத்தை மனம் மறந்ததோ, அந்தப் பாடத்தை விரல் மறவாதிருந்தது.

முதியோர்க்குக் கைப்பேசியைக் கற்பிக்கும் இளைஞர் இம்முறையினின்று கற்றுக்கொள்ள வேண்டுவன பல. தாத்தா ஓர் ஐயம் கேட்டவுடன் பேரன் கைப்பேசியைப் பறித்து, விரலை நான்கு முறை ஓட்டிவிட்டு, 'இவ்வளவுதான்' என்று திருப்பிக் கொடுக்கின்றான். வேலை முடிந்தது; தாத்தா கற்றது ஒன்றுமில்லை. கருவி தாத்தாவின் கையிலேயே இருத்தல் வேண்டும். ஒரு நாளில் ஒரு செயலே போதும். அதனையும் நாள்தோறும் ஒரே முறையில் செய்தல் நன்று. எழுத்து பெரிதாகவும் ஒலி உரத்தும் இருத்தல் வேண்டும். முகப்பில் வேண்டாத படக்குறிகளை நீக்கிவிடலாம். இரவில் மின்னேற்றும் இடம் மாறாதிருத்தல் வேண்டும். நினைவூட்டும் சொற்களும் வீட்டு வழக்கில் அமைதல் நலம். வெறும் மணியோசையைக் கேட்டுத் திகைக்கும் பாட்டி, 'பாட்டி, காலை மாத்திரை. சாப்பிட்ட பிறகு' என்று பேத்தியின் குரலிலேயே கேட்டால் தயங்காமல் எழுவார். மாத்திரையை விழுங்கிய பின்னரே 'செய்தாயிற்று' என்னும் குறியைத் தொடுதல் வேண்டும். முன்னரே தொட்டுவிட்டால், கருவியும் மறந்தவர்க்குத் துணைபோகும். கிழமைக்கு ஓர் அறையாகப் பிரித்த மருந்துப் பெட்டியும் உடன் இருந்தால், உண்டதும் உண்ணாததும் கண்ணுக்கே தெரியும்.

செய்ய வேண்டியதை நினைவூட்டுவதோடு, நடந்ததைக் காக்கவும் செயலிகள் முயல்கின்றன. டொராண்டோ பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'ஹிப்போகேமரா' என்னும் செயலி அத்தகையது. பேரக் குழந்தையின் பிறந்தநாள் போன்றதொரு நிகழ்ச்சியின்போது முதியவர் 24 நொடி அளவுள்ள காட்சியைப் பதிவு செய்கின்றார். அஃது ஏன் தமக்கு இனியது என்பதை 8 நொடியில் தம் குரலிலேயே சொல்லுகின்றார். பின்னர், அக்காட்சி விரைவாக ஓட, அக்குரலோடு சேர்த்துச் சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் காண்கின்றார். 2022இல் வெளியான ஆய்வின்படி, இவ்வாறு மீளக் கண்ட நிகழ்ச்சிகளைப் பற்றி அவர்கள் சராசரியாக நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் மிகுதியான விவரங்களை நினைவுகூர்ந்தனர். படம் மட்டும் எடுத்துக் குவித்து வைப்பதால் இப்பயன் விளையாது. கருத்தூன்றிப் பதிவதும், இடைவெளி விட்டு மீளக் காண்பதும் பயன் தருவன. பாடத்தைத் தேர்வுக்கு முந்திய இரவில் மட்டும் படிக்கும் மாணவர்க்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு.

ஊன்றுகோலைக் கண்டவர் அதனையே கால் என்று மயங்கலாகாது. 'எங்கள் விளையாட்டை ஆடினால் மறதி நோய் அணுகாது' என்று கூறி விற்கப்படும் செயலிகளை நம்புதல் கூடாது. லூமாசிட்டி என்னும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளை நடத்திய நிறுவனம், தக்க சான்றின்றி அத்தகைய நன்மைகளை விளம்பரப்படுத்தியது என்று அமெரிக்க நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2016இல் அந்நிறுவனம் 20 இலட்சம் டாலர் செலுத்த இசைந்து அவ்வழக்கை முடித்துக்கொண்டது. விளையாட்டில் வல்லவர் அவ்விளையாட்டில் வல்லவராதல் உறுதி. அதனால் மாத்திரை நினைவுக்கு வரும் என்பது உறுதியன்று.

இன்னும் சில எச்சரிக்கைகள் உள. மின்னேற்றாத கைப்பேசி ஊமை. அடுக்களையில் பாட்டியும் மாடியில் கைப்பேசியும் இருந்தால் மணி ஒலித்தும் பயனில்லை. வங்கிக் கடவுச்சொல்லையும் ஒருமுறை எண்ணையும் கேட்டு ஏமாற்றுவோர் முதியோரையே பெரிதும் நாடுகின்றனர்; கேட்பவர் யாராயினும் அவற்றைச் சொல்லலாகாது என்பதைக் கருவியோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். வழி தவறுவோரைக் கண்டறிய இருப்பிடம் காட்டும் செயலி உதவும். ஆனால், அதனை அவர் அறியாமல் அமைத்தல் அறமாகாது. கேட்டு, இசைவு பெற்றே அமைத்தல் வேண்டும். முதுமையில் நினைவு குன்றலாம், தன்மதிப்பு குன்றுவதில்லை.

கருவியை நம்பினால் உள்ள நினைவும் மழுங்கிவிடாதோ என்று சிலர் அஞ்சுவர். முடிச்சிட்ட மூதாட்டி அதனால் அறிவு மழுங்கினாள் என்று யாரும் சொன்னதில்லை. 'மறந்துவிடுவேனோ' என்னும் அச்சமே நெஞ்சை நாள் முழுதும் அலைக்கழிக்கின்றது. அச்சுமையைக் கருவியின்மேல் இறக்கி வைத்தவர் அமைதியாகக் கோவிலுக்குச் செல்லலாம். பேரனுக்குக் கதை சொல்லலாம். விருந்தில் நான்கு பேரோடு அளவளாவலாம்.

திருவள்ளுவர் மறதியைக் கடிந்து, 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அவர் கடிந்தது மகிழ்ச்சிச் செருக்கால் கடமையை மறக்கும் மறதியையே ஆகும். முதுமையால் வரும் மறதி குற்றமன்று. அதனைக் கண்டு எள்ளுதலே குற்றம். இளமையில் நம் பெயரையும் உறவையும் எழுத்தையும் எண்ணையும் ஆயிரம் முறை சலியாது சொல்லிக்கொடுத்தவர் அவர். இன்று அவர் ஒரே வினாவை நான்காம் முறை கேட்கும்போது, முதல் முறை கேட்டாற்போலவே முகம் மலர்ந்து விடை சொல்லுதல் இளையோர் கடமை. செயலி உரிய வேளையில் மணி ஒலிக்கும். அம்மணியின் பொருளை அருகமர்ந்து, அவர் விரலாலேயே தொடச்செய்து, பொறுமையோடு கற்பிக்கும் பணி பேரனுக்கும் பேத்திக்கும் உரியது. அவ்வன்பு உடன் நிற்கும் வீட்டிலேதான் கைப்பேசி முதியோரின் நினைவுக்கு ஏற்ற ஊன்றுகோலாகும்.